சைராகுல் டீச்சரின் ஃபேர் நோட்டு

மஞ்சள் பட்டையில் ஷூ நுனி படவில்லை. ஆனால் ஒரு நூல் இடைவெளியைக்கூட விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார் சைராகுல். தரையில் ஒட்டிய அந்தப் பட்டைக்கு அப்பால், நாற்பதாம் எண் மேசையில் அவருடைய இரண்டு மாணவிகள், பெகிமாயும் அய்ஸிரெக்கும். நடுவர்கள் சுற்றி வரும்போது துணைக்கு வந்த ஆசிரியர் பட்டையைத் தாண்டக் கூடாது, பேசக் கூடாது, கைச்சாடை காட்டக் கூடாது. கண்ணை உருட்டக் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அவர் உருட்டுகிறார். அந்தப் பக்கம் பெகிமாயின் கூன் நிமிர்கிறது.

ஐம்பதைத் தொடப்போகிறவர். நரீன் ஊர்ப் பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக இயற்பியல் டீச்சர். எல்லை தாண்டி அல்மாட்டியில் நடக்கும் இந்தச் சர்வதேச அறிவியல் கண்காட்சிக்கு ஏழு முறை விண்ணப்பித்து, எட்டாவது முறைதான் அழைப்பு வந்தது. மூன்று பாஸ்போர்ட்டும் கழுத்தில் தொங்கும் துணிப்பையில், ஸ்வெட்டருக்கு உள்ளே. எந்தக் கதவைத் தாண்டினாலும் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெண்களை "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். இருப்பதே இரண்டு பேர். "எஜே, நாங்க என்ன ஆட்டுக்குட்டியா?" என்பாள் அய்ஸிரெக். அக்காவுக்கும் டீச்சருக்கும் அவர்கள் ஊரில் 'எஜே' என்ற அந்த ஒரு சொல்தான். "ஆட்டுக்குட்டின்னா சொன்ன பேச்சு கேக்கும்டி" என்பார். ஓட்டல் சாப்பாட்டின் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "இது ரொட்டியா, தலகாணிப் பஞ்சா?" என்று பரிமாறுகிறவரிடமே கேட்டுவிட்டு, வீட்டில் பொரித்துக் கொண்டுவந்த போர்சோக் மாவுத் துண்டுகளை மேசைக்கடியில் பெண்கள் கையில் தள்ளுவார்.

ஆனால் நரீனில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவருடைய ஃபேர் நோட்டைப் பற்றித்தான். பென்சிலில் எழுதுவது ரஃப். அதை நீல மசியில் மணிமணியாக, ஓர் அடித்தல்கூட இல்லாமல் எடுத்தெழுதினால்தான் நோட்டு. ஓர் எழுத்தை அடித்தாலும் பக்கம் முழுக்க மறுபடி. "இந்தக் கோழிக் கிறுக்கல வெளியாள் கண்ணுல காட்டுவியா? வெக்கமா இல்ல?" அவர் படித்த பள்ளியில் அப்படித்தான் பழக்கினார்கள், அந்தப் பக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் அப்படித்தான். எடுத்தெழுதி முடித்ததும் ரஃப் நோட்டு அடுப்புப் பற்றவைக்கப் போய்விடும்.

விலை போகாமல் ஊரோரம் கொட்டிக் கிடக்கும் ஆட்டு ரோமத்தைக் கெட்டிக் கம்பளமாக அடித்துத் தண்ணீர்க் குழாயில் சுற்றினால், குளிர்காலத்தில் குழாய் உறையுமா உறையாதா? இதுதான் பெண்களின் ஆய்வு. ரோமம் சுற்றிய குழாய், கடையில் வாங்கிய நுரைப்பட்டை சுற்றிய குழாய், சும்மா விட்ட குழாய். மூன்றிலும் அறுபது நாள், விடிவதற்கு முன்னால் நின்று வெப்பநிலை குறித்தார்கள். பேனா மசி உறைகிற குளிர், அதனால் பென்சில்.

மதியம் சரிபார்ப்புக் குழு சைராகுலைக் கூப்பிட்டது. குழுத் தலைவர் ஸெய்த்காலி, கசங்காத கோட்டு போட்ட அல்மாட்டிக்காரர், பெண்களின் நோட்டை விரித்து வைத்திருந்தார்.

"அறுபது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு அடித்தல் கிடையாது. இது குளிர்ல நின்னு எழுதினதா டீச்சர்? வீட்ல உக்காந்து ஜோடிச்சது."

"ஜோடிச்சதா? அது ஃபேர் நோட்டு சார்! ரஃபைப் பாத்து எடுத்தெழுதினது!"

"அப்ப அந்த ரஃபைக் காட்டுங்க. தப்பா எழுதினா ஒத்தக் கோடு இழுத்து, பக்கத்துல சுருக்கொப்பம் வெச்சு, அப்படியே விடணும். விதிமுறையில தெளிவா இருக்கு. நாலு மணிக்குள்ள அசல் வரணும். இல்லேன்னா போலிப் பதிவுன்னு எழுதி, ஆய்வைப் போட்டியிலேருந்து எடுத்துடுவோம். பொறுப்பாளின்னு யார் பேர் இருக்கோ அவங்க மூணு வருஷம் இங்க கால் வைக்க முடியாது."

பெண்கள் பத்தாம் வகுப்பு. பள்ளி பதினொன்றோடு முடிகிறது. மூன்று வருஷம் என்றால் இனிமேல் எப்போதுமே இல்லை, போலி என்ற பெயர் மட்டும் கூடவே வரும்.

ஆசிரியர்களுக்கான அறைக்கு வந்தார். அங்கே நமன்கான் ஊர் வேதியியல் வாத்தியார் ஒதில்ஜான் உலர்திராட்சை மென்றுகொண்டிருந்தார். ஐந்தாவது முறையாக வருகிறவர்.

"இதுக்குப் போயி முகத்த இப்பிடி வெச்சுக்குவாங்களா அக்கா? எங்க பசங்க நோட்டப் பாருங்க." விரித்துக் காட்டினார். அடித்தல், திருத்தல், மடங்கிய மூலை, பக்கத்துக்குப் பக்கம் தேநீர்க் கறை. "எல்லாம் ரயில்ல வரும்போது நான் பக்கத்துல உக்காந்து பண்ண வெச்சது. கறைக்கே ரெண்டு கோப்பை டீ செலவு. நடுவர் பாத்துட்டு, 'உழைப்புன்னா இது'ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போறாரு!"

"நெசமா அளந்தீங்களா இல்லையா?"

"அளந்தோம் அக்கா, அளக்காமயா? ரஃப்தான் எங்கயோ போச்சு. உங்களுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கே. இந்தாங்க பென்சில்."

மனிதர் கெட்டவர் இல்லை. பென்சிலோடு சேர்த்துத் திராட்சையும் நீட்டினார்.

சைராகுல் இரண்டையும் தொடவில்லை. இது என்ன அநியாயம்? விரல் விறைக்க விறைக்க நின்று அளந்தவள் பொய்க்காரி. ரயிலில் உட்கார்ந்து கறை வைத்தவன் உழைப்பாளி. சுத்தமாக எழுதுவது ஒரு குற்றம் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் சொன்னதில்லை. சொல்லாததற்கு யாரைத் திட்டுவது?

அதற்குள் செய்தி எட்டிப் பெண்கள் ஓடிவந்தார்கள். "எஜே, எழுதிடலாம்" என்றாள் அய்ஸிரெக், மூச்சு வாங்க. "எனக்கு எல்லா நம்பரும் மனப்பாடம். அதே நம்பர்தானே, பொய் இல்லையே?" பனி கடித்த பெகிமாயின் காது நுனி இன்னும் கருத்தே இருந்தது.

"நம்பர் நெசம்தான்டி. அந்த நோட்டு பொய்யாயிடும்" என்றார் சைராகுல், அய்ஸிரெக்கிடம். "ரஃபை வெச்சுக்கறேன்னு நீ கேட்ட. குப்பையைச் சேக்காதேன்னு அடுப்புல போடச் சொன்னது யாரு? நானு. வாயை மூடிக்கிட்டுப் போய் மேசையில நில்லுங்க ரெண்டு பேரும். கூன் போடாம!"

நாலு மணிக்குப் படிவம் தயாராக இருந்தது. பொறுப்பாளி என்ற இடத்தில் பெகிமாய், அய்ஸிரெக் என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தார்கள்.

"ரஃப் எங்க டீச்சர்?"

"எரிச்சாச்சு. பொண்ணுங்களைக் கூப்பிட்டுக் கேளுங்க சார். எந்தத் தேதியக் கேட்டாலும் சொல்லுவாங்க."

"கேள்வி நேரம் மூணு மணியோட முடிஞ்சுபோச்சு."

"அறுபது நாள் நின்ன பிள்ளைங்களுக்கு அஞ்சு நிமிஷம் குடுக்க மாட்டீங்க?"

"விதி டீச்சர். நான் என்ன பண்ண? ஆய்வு வெளியேறியாச்சு. எனக்குப் பொறுப்பாளின்னு ஒரு பேர் வேணும், அது யார் பேரானாலும் சரி. கையெழுத்துப் போடுங்க."

"பேர்தானே வேணும்?"

சைராகுல் பேனாவை எடுத்தார். அச்சடித்த இரண்டு பெயர்களின் மேலும் ஒற்றைக் கோடு இழுத்தார்; மேலே தன் முழுப் பெயரை எழுதினார்; அடித்த இரண்டு இடத்திலும் பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, படிவத்தை ஸெய்த்காலியின் பக்கம் திருப்பினார்.