கணக்கு டீச்சரின் கூட்டல் தப்பு

திங்கட்கிழமை காலை பத்தாம் வகுப்பில் அறிவியல் விடைத்தாள்களைக் கொடுத்து முடித்திருந்தேன். தலைமையாசிரியை வாசலில் வந்து நின்று, "கோமதி மிஸ் தவறிட்டாங்க. விடியக்காலைல மாரடைப்பு" என்றார். "அவளாவது போறதாவது!" என்று கத்திவிட்டேன். எங்கள் கணக்கு டீச்சரை அறிந்திருந்தால் நீங்களும் அப்படித்தான் கத்தியிருப்பீர்கள்.

அவள்மேல் நான் புகார் சொன்ன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்கு டீச்சருக்குக் கூட்டத் தெரியவில்லை! ஒவ்வொரு தேர்விலும் நாலைந்து தாள்களில் மொத்தம் குறையும். அதுவும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளின் தாள்களில் மட்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய் அப்போதைய தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன்.

கோமதி என்னை ஆசிரியர் அறைக்கு இழுத்துப் போனாள். "நல்லா படிக்கிறதுங்க அரை மார்க்குக்கு வந்து சண்ட போடுதுங்க. இதுங்க எவ்ளோ போட்டாலும் மடிச்சி பையில வெச்சிக்குதுங்க. நமக்கு இவ்ளோதான்னு முடிவு பண்ணிடுச்சுங்க. ஒரு தடவ எங்கிட்ட சண்டைக்கு வரட்டும்டி, அப்புறம் பாரு." வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பாள். யாரும் வராவிட்டால் அவளே திருத்திவிடுவாள்.

அந்த வாரம் அவள் காத்திருந்தது அடி அண்ணாமலை கிராமத்துச் சங்கீதாவுக்காக. முப்பத்தாறு வாங்கித் தேறியிருந்த பெண்ணுக்கு முப்பத்திரண்டு போட்டிருந்தாள். தேறவில்லை என்றே நம்பிய சங்கீதா, பொதுத்தேர்வே எழுதப்போவதில்லை என்று தோழிகளிடம் சொல்லிவிட்டாள். "பாவம்டி, சொல்லிடு" என்று நான் கெஞ்சினேன். "நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்டி" என்றாள். அன்று கோமதி தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவேயில்லை.

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்தபோது ஆசிரியர் அறைக் கதவு படாரென்று திறந்தது. "மிஸ்! நாலு மார்க் கம்மியா போட்டுட்டீங்க! மூணு தடவ கூட்டிட்டேன். நான் பாஸ்!" சங்கீதாவேதான்! குரல் நடுங்கியது, ஆனாலும் தாளை மேசைமேல் ஓங்கி வைத்தாள். கோமதி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாளே ஒரு குதி, நாற்காலி சாய்ந்தே போயிற்று! பொதுத்தேர்வில் சங்கீதாவுக்குக் கணக்கில் அறுபத்தெட்டு.

நேற்று கோமதியின் வீட்டு வாசலில் கிரிவலப் பௌர்ணமிக் கூட்டம்போலப் பழைய மாணவிகள். நான் எழுதிக்கொடுத்த அஞ்சலிப் பேனரைக் கட்டியிருந்தார்கள். கீழ்பென்னாத்தூரில் மருந்துக்கடை வைத்திருக்கும் சங்கீதா, அழுத கண்ணோடு அதைப் படித்தாள். விரல்விட்டு எண்ணினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"மிஸ், வேலைக்குச் சேந்த வருஷத்த மேலயே போட்டிருக்கீங்க. அப்புறம் எப்படி இருபத்தெட்டு வருஷ சேவை? முப்பத்தொண்ணு. எங்க மிஸ்ஸுக்கு மூணு வருஷம் கம்மியா போட்டுட்டீங்க. மாத்துங்க!"

அது சத்தியமாக என் தப்புதான். சாவு வீட்டில் நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

கோமதியிடமிருந்து நான் எப்போதோ எடுத்துக்கொண்டது அவளுடைய வெள்ளிக்கிழமையை. திங்களன்று கொடுத்த தாள்களில் மூன்றை நானும் வேண்டுமென்றே தப்பாகத்தான் கூட்டியிருக்கிறேன். இன்று புதன். இன்னும் ஒருத்தியும் வரவில்லை. ஆசிரியர் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.