என் கணக்கில் பதினோரு டீ

திருவனந்தபுரத்தை அடுத்த கழக்கூட்டத்தில் நான் வேலை பார்த்த கம்பெனியில் என்னைத் தவிர எல்லோரும் மென்பொருள் எழுதினார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் கையேடுகளை நான் எழுதினேன். அவற்றை யாரும் படித்ததில்லை. அந்த அளவில் நானும் ஓர் இலக்கியவாதிதான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆரம்ப வருடங்களில் எங்கள் கேண்டீனில் காசை ஒழித்துக் கார்டு கொண்டுவந்தார்கள். கார்டைக் கருவியில் தேய்த்தால் போதும், மாதக் கடைசியில் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். சில்லறைத் தகராறு இல்லை. நாகரிகம் நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று எல்லோருக்கும் ஒரு பூரிப்பு. 'இன்று முதல் இங்கே காசு வாங்கப்படாது. கார்டைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது' என்ற அறிவிப்பை மூன்று மொழிகளில் எழுதியது நான்தான். நான் எழுதியதில் எல்லோரும் படித்தது அது ஒன்றுதான்.

படித்தும் பயனில்லாமல் போனவர், எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்த அக்கா. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர், கான்ட்ராக்ட் ஆள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குக் கார்டு கிடையாது. இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவர்களும் டீ குடிப்பார்கள் என்பது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் பதினொரு மணிக்கு அக்கா வழக்கம்போல் மூன்று ரூபாயை நீட்டினார்.

"சேச்சி, பைசா எடுக்கில்லா. கார்டு உண்டோ?" என்றார் கவுண்டர்க்காரர்.

"ரேஷன் கார்டு உண்டு, வீட்டுல இருக்கு. கொண்டுவரவா?"

பின்னால் நின்ற எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. என் கார்டைத் தேய்த்தேன். அவர் காசை என் பக்கம் நீட்டினார். "அட, இருக்கட்டும் அக்கா" என்றேன். மூன்று ரூபாய்க்கு இவ்வளவு பெருமிதம் வேறெங்கும் கிடைக்காது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் என் மேஜை இரண்டு முறை துடைக்கப்பட்டிருந்தது, பேனாக்கள் உயர வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. நான்காம் நாள் அவர் கேண்டீன் பக்கமே வரவில்லை.

காரணம் அந்த வாரக் கடைசியில் தெரிந்தது. கேட்டைத் தாண்டி, நெடுஞ்சாலையையும் தாண்டி, எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையில் போய் டீ குடித்து வந்திருக்கிறார். போய்வர அரைமணி நேரம். சூபர்வைசர் ஒருமுறை அரைநாள் சம்பளத்தை வெட்டிவிட்டு, இன்னொரு முறை போனால் வேலைக்கே வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஏன் அக்கா, நான்தான் தேய்க்கிறேனே?" என்று கேட்டேன், ஊர்ப் பெரிய மனிதன் தோரணையில்.

அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "சாரே, நான் ஓசிச் சாயா கேட்டனா? கையில பைசா வெச்சிட்டுதானே வந்தேன்? நீங்க அத வாங்கல்ல. ஒரு நாளுன்னா சரி. நித்தமும்னா உங்களக் கண்டா நான் சிரிக்கணும், உங்க மேசைய மட்டும் தனியாத் துடைக்கணும். ஒரு சாயாவுக்கு இம்புட்டுச் சோலி நம்மளால ஆவாது."

கொடையைப் பற்றிக் கனமான புத்தகங்களை அடிக்கோடிட்டுப் படித்தவன் நான். வாங்குகிறவருக்கு அது கூடுதல் வேலை என்று எந்தப் பக்கத்திலும் கோடு போட்ட ஞாபகம் இல்லை.

"அந்த போர்டை எழுதினதே நான்தான் அக்கா" என்று ஒப்புக்கொண்டேன்.

"எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இப்ப பைசாவ வாங்குவியளா, மாட்டியளா?"

வாங்கினேன். அவர் கேண்டீனுக்குத் திரும்பினார். சேதி பரவியது. பத்து நாளில் தோட்டக்காரர், பெயிண்டர்கள், குழாய் வேலைக்காரர் என்று அக்காவோடு சேர்த்துப் பத்துப் பேர் பதினொரு மணிக்கு என் பின்னால் கையில் காசோடு நின்றார்கள். என் சட்டைப்பை சில்லறையால் கனத்துத் தொங்கியது. திருவனந்தபுரத்து பஸ் கண்டக்டர்கள் முகம் மலர்ந்து வரவேற்ற ஒரே பயணி அந்நாட்களில் நானாகத்தான் இருப்பேன்.

காசாக இருந்தவரை யார் எத்தனை டீ குடித்தார்கள் என்பது கல்லாப்பெட்டிக்குத் தெரியாது. கார்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. மாத முடிவில் மனிதவளப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே பொறுப்பில் இருந்த இளம்பெண் திருவனந்தபுரம் கோட்டைக்குள் அக்ரகாரத்தில் வளர்ந்தவர். மற்றவர்களிடம் மலையாளமும் ஆங்கிலமும், என்னிடம் வீட்டுத் தமிழ். அவர் மேஜைமேல் நீளமாக ஒரு தாள் கிடந்தது.

"சார், நீங்க ஒரு நாளைக்குப் பதினோரு டீ குடிக்கறேள்."

"டீ பிடிக்கும்."

"நாலு பருப்பு வடை வேற."

"அதுவும் பிடிக்கும்."

"பதினொண்ணையும் அஞ்சே நிமிஷத்துல குடிச்சிருக்கேள்."

"ஆறினால் நன்றாயிருக்காது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆத்துல ஏதாவது பிரச்சனையா சார்? கூச்சப்படாம சொல்லுங்கோ. டாக்டருக்கு ஒரு லெட்டர் தரேன்."

கார்டைப் பிறருக்குக் கொடுத்தது தெரிந்தால் எனக்கு ஒரு மெமோ வரும், அக்காவுக்கு வேலை போகும். வாயை மூடிக்கொண்டு டாக்டரிடம் போயிருக்க வேண்டும். ஆனால் டீப் பைத்தியம் என்று ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடுமே என்ற பயத்தில், என் மானத்தைக் காப்பாற்ற எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எல்லாரும் அவங்க அவங்க காசோடதான் நிக்கறாங்க, வாங்கிக்கத்தான் ஆளில்லை" என்று கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்.

"யார் யாரு? பேரைச் சொல்லுங்கோ."

"பேர் தெரியாது" என்றேன். வெட்கக்கேடு என்னவென்றால், அது உண்மை.

அவர் தாளை மடித்தார். "சரி, நீங்க போங்கோ."

இரண்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. நான் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தேன், அது எனக்குப் பழக்கம்தான். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு நடைவழியில் பாதி துடைத்த தரையும் ஒரு வாளியும் மட்டும் இருந்தன. அக்காவைக் காணோம். கூப்பிட்டுக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி, கேண்டீனுக்கு ஓடினேன். ஓடுவது எனக்குப் பழக்கமில்லை.

கேண்டீனில் வரிசை நின்றது. கருவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. வரிசையின் முன்னால் அக்கா, மூன்று நாணயங்களை அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

கவுண்டர்க்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாரே, இனி பைசாவும் எடுக்கும். ஹெச்.ஆர். மேடம் நேத்து இங்க வந்து அரை மணிக்கூர் நின்னு பாத்து, பின்னே அப்படிப் பறஞ்சு."

எனக்கு மூச்சு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா விளிம்புவரை நிறைந்த கிளாஸோடு திரும்பினார். ஏதாவது சொல்வார் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

"தள்ளுங்க சாரே, மேல கொட்டிரும்."

தள்ளி நின்றேன். அவர் என்னைக் கடந்து ஜன்னலோர மேஜைக்குப் போனார். நனைந்த செருப்போடு மாடிக்கு வந்ததற்காகத் தோட்டக்காரரைத் திட்டிக்கொண்டே, டீயை ஊதி ஊதிக் குடித்தார். கிளாஸ் காலியாகும்வரை ஒருமுறைகூட என் பக்கம் திரும்பவில்லை.