எனக்கு வராத அம்மை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கும். உடம்பில் ஒரு நோயும் இல்லாமல் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தவன் நான். கிடந்ததுகூடப் பெரிதில்லை. என்னை அப்படிப் படுக்கப் போட்டுவிட்டு, வீட்டார் எல்லோரும் கொல்லையில் உட்கார்ந்து மலைப்பன்றிக் கறி தின்கிறார்கள் என்று நம்பி, வேப்பங்கொழுந்தைக் கடித்துக்கொண்டு அழுதேன். மீசை முளைத்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை.

அப்போது வெள்ளைக்காரன் காலம். தென்காசியில் சிற்றாற்றுத் தண்ணீர் பாயும் வயல் கொஞ்சம் அப்பாவுக்கு இருந்தது. வயலைவிட அவரிடம் நன்றாக விளைந்தது சந்தேகம். மோரைக் குடிக்கும் முன் முகர்ந்து பார்ப்பார்; குடித்து முடித்த பிறகு தம்ளரை முகர்ந்து பார்ப்பார். அவருடைய சந்தேகங்களிலேயே பெரியதும், மூன்று வேளையும் சாப்பிடுவதுமான சந்தேகம் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. ஆலங்குளத்தில் பெற்றவர்கள் போய், இருந்த வீடும் கைமாறி, அக்காள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்டவர். ஊரில் அவருக்கென்று மிச்சம் இருந்தது ஒரு குட்டிச்சுவர். தொழில் என்று கேட்டால், பேச்சு. குற்றாலத்து மலையில் பன்றி வேட்டையாடுகிறவர் என்று அவரே கிளப்பிவிட்ட பேச்சு எப்படியோ வாசுதேவநல்லூர் வரை போய்விட்டது. அங்கே கல்யாண வயதில் மகளை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை தேடிய ஒருவருக்கு மலைப்பன்றிக் கறி என்றால் உயிர். சாரல் விழுந்ததும் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதாகவும், அப்படியே ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் மாப்பிள்ளை அடித்த பன்றியில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை மாற்றிக்கொள்வதாகவும் சொல்லி அனுப்பினார்.

மாமாவின் முகம் அன்று வெளுத்ததைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சுக்குக் கறி கேட்டுவிட்டார் மனிதர்.

எங்கள் வீட்டில் பன்றி என்றால் மலைப்பன்றிதான். தெருவில் திரிகிற பன்றியின் பெயரைச் சாப்பாட்டு வேளையில் எடுத்தாலே அம்மா கரண்டியை ஓங்குவாள். மலைப்பன்றிக்கும் அடுக்களைக்குள் இடம் கிடையாது. தொழுவத்துக்குப் பக்கத்தில் தனி அடுப்பு, தனி மண்பானை, தனி அரிவாள்மணை. எத்தனை நேரம் வேக வேண்டும் என்று யாராவது கேட்டால், "வாய் சொல்லக் கூடாது, எலும்பு சொல்லணும்" என்பாள். எலும்பு தானாகச் சதையை விட்டுக் கழன்றால்தான் பானை இறங்கும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேல்கம்போடு புறப்பட்ட மாமா, சனிக்கிழமை காலையில் முதுகில் ஒரு கோணிச் சாக்கோடு வந்து சேர்ந்தார். கறி ஏற்கெனவே தீயில் வாட்டி, துண்டு போட்டிருந்தது. அப்பா சாக்கைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"தலை எங்கன?"

"நாய் விட்டவனுக்குத் தலை போகும்லா, அத்தான். அது முறை."

"கோரப்பல்லு?"

"கூட வந்த துப்பாக்கிக்காரர் ஆசப்பட்டுக் கேட்டாரு. குடுத்துட்டேன்."

"துப்பாக்கிக்காரர் வந்தாருன்னா, நீ எதுக்குப் போனெ?"

"நாந்தான அத்தான் குத்துனேன்! அவரு சும்மா பாத்துக்கிட்டு நின்னாரு."

எல்லாக் கேள்விக்கும் பதில் இருந்தது. அதுதான் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை.

"சரி. இது மலைப்பன்னி இல்லன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது, அந்த நிமிசமே பெட்டியத் தூக்கிக்கிட்டு ஆலங்குளத்துக்கு நடையக் கட்டிரணும். உங்க அக்கா அழுதாலும் சரி."

அப்பா சொன்னால் சொன்னதுதான். ஒரு வாய்க்கால் சண்டையில் தன் கூடப்பிறந்த தம்பியிடம், 'இனி உன் வாசல்படி மிதிக்க மாட்டேன்' என்று சொன்னவர், அந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குத் தெருவில் நின்றபடியே அட்சதை போட்டுவிட்டு வந்தார். அம்மாவுக்கு இது தெரியும். அவள் கறியை வாங்கிக்கொண்டாள்.

வெயில் காலமாக இருந்தால் உப்பைத் தடவிக் கொடியில் போட்டுக் காய வைத்துவிடலாம். சாரலில் துணியே காயாது, கறி எங்கே காயும்? அம்மா கறியைத் துடைத்து, உப்பும் மஞ்சளும் பிசறி, புதுப் பானையில் அடுக்கி, வாயைத் துணியால் வேடு கட்டி, கயிற்றில் கோத்துக் கிணற்றுக்குள் இறக்கினாள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பானை குளிர்ச்சியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ஏலே, உங்க மாமன் கெணத்துப் பக்கம் போறானான்னு ஒரு கண்ணு வச்சுக்கோ."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் கிணற்றடி முருங்கை மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டு ஒளிந்து நின்றேன். மாமா வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். போய்விட்டார். திரும்பவும் வந்து எட்டிப் பார்த்தார். கறியைத் திருட வந்தவனுக்குத் தைரியம் போதவில்லை என்று முடிவு கட்டினேன். மரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பியிருந்ததைத் துப்பறிகிற மும்முரத்தில் கவனிக்கவில்லை. மடையன் என்று சொன்னேன் அல்லவா?

விடிந்தபோது என் முகமும் கழுத்தும் சிவப்பு சிவப்பாகத் தடித்திருந்தன. சொறிந்துகொண்டே கிணற்றடிக்குப் போனேன். அம்மா பானையை மேலே இழுத்து, அரிவாள்மணையில் உட்கார்ந்து கறியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கை நின்றது. ஒரு துண்டை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். நகத்தால் எதையோ கீறி எடுத்தாள். இன்னொரு துண்டைப் பிளந்தாள். இன்னொன்றையும். சதைக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக நொய்யரிசி மாதிரி கிடந்தது.

"எம்மா, கறிக்குள்ள அரிசி சிந்திட்டியா?" என்று கேட்டேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். அப்படி அவள் என்னை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சந்தையில் மாட்டைப் பார்க்கிறவர் பார்வை அது.

"அய்யோ! பிள்ளைக்கு முத்துப் போட்டிருக்கே! ஆத்தா வீட்டுக்கு வந்துட்டாளே!"

தெரு முழுவதும் கேட்டிருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறையில் பாயில் கிடந்தேன். மேலும் கீழும் வேப்பிலை. நிலைப்படியில் வேப்பங்கொத்து.

"கம்பளிப்பூச்சிம்மா" என்றேன்.

"ஆத்தாளைப் பூச்சின்னு சொல்லாத, வாய் வெந்துரும்" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கன்னத்தில் தானே போட்டுக்கொண்டாள். ஏனோ அவள் கண் கலங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. சுவரில் காதை வைத்தேன்.

"எங்கன வாங்குனெ?"

"செங்கோட்டையில ஒருத்தன்... மலைப்பன்னின்னு அடிச்சுச் சத்தியம் பண்ணுனான்க்கா."

"களத்துல நெல்லுச் சிந்துன மாதிரி பானை பூராவும் அரிசி விழுந்து கெடக்கு. மலைப்பன்னிக்கு எப்படில வந்துது இது? தெருவுல மேஞ்சதுக்குத்தான் வரும்."

"நல்லா வேக வச்சா சரியாப் போகும்லா, அக்கா?"

அடுத்து 'மடேர்' என்று ஒரு சத்தம். அம்மா கொசு அடித்தாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணு ரெண்டு கெடந்தாலே தூர எறியுததுதான். பொண்ணு குடுக்க வாரவருக்கு வெசத்தையா போடச் சொல்லுத? மம்பட்டியை எடு. சுண்ணாம்பையும் எடு."

இத்தனையும் என் காதில்தான் விழுந்தது. ஆனால் நான் சாதாரண மடையனா? சுவருக்கு இந்தப் பக்கம் நான் இருப்பது தெரிந்தே எனக்காக நடிக்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டேன். அம்மை கண்டவனுக்குக் கவிச்சி ஆகாது. ஆகவே என் பங்கு மிச்சம். இதுதான் அவர்கள் சூழ்ச்சி. கொல்லையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. புது அடுப்பு வெட்டுகிறார்கள்!

மூக்கைத் தீட்டிக்கொண்டு படுத்திருந்தேன். வேப்பிலை வாசனையைத் தவிர ஒன்றும் வரவில்லை. காற்று பார்த்து அடுப்பை வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டேன்.

மத்தியானம் வாசலில் வண்டிச் சத்தம். வாசுதேவநல்லூர்க்காரர் அருவியில் குளித்த ஈரத்தலையோடு இறங்கியிருக்கிறார். பசியோடு வந்திருக்கிறார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"வாசல்ல வேப்பிலை தொங்குது?" என்றார்.

"பையனுக்கு ஆத்தா வந்திருக்கா, அண்ணாச்சி" என்றார் அப்பா.

"அப்பொ பன்னி?"

"வீட்டுல அவ இருக்கையில கவிச்சி ஏது?"

எனக்குப் பொறுக்கவில்லை. வெளியே வைத்து அவருக்கு மட்டும் இலை போடப் போகிறார்கள்! இடுப்பில் வேப்பிலையும் தலையில் வேப்பிலையுமாக எழுந்து வாசலுக்கு ஓடினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல! கம்பளிப்பூச்சி! பொய் சொல்லுதாவ! என் பங்கு எங்க? எல்லாரும் சேந்து முழுங்கிட்டியளா?"

அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொழுவத்துப் பக்கம் மாமா தெரிந்தார். நின்றார் என்று சொல்ல முடியாது, மாட்டுக் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். அப்பா மட்டும் மெதுவாக என் பக்கம் வந்தார். என் மோவாயைப் பிடித்துத் தூக்கினார். சாரல் விட்டிருந்த நேரம், பளிச்சென்று வெளிச்சம். மோரையே இரண்டு தடவை முகர்கிறவர் என் முகத்தை எவ்வளவு நேரம் பார்த்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? என் பிடரியிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தார். விரலில் வைத்து உருட்டினார். அதைத் தூரப் போட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்த்தாள்.

"காய்ச்சல் தலைக்கு ஏறிட்டு. பிதற்றுதான்" என்றார் அப்பா.

வாசுதேவநல்லூர்க்காரர் அதற்குள் செருப்பைக் கழற்றியிருந்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என் எதிரே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தாயே! பங்கு கேக்குதியா? தாரேன். கொடை குடுக்கேன். நீ இருக்குத வீட்டுல கறி ஆசையோட வந்து நிக்கேனேன்னு கோவிச்சுக்கிடாத."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரிய மனிதர் என்னைக் கும்பிடுகிறார். கறிதான் வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கையைத் தூக்கி வைத்தேன். அவர் அதை ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டார். ஆத்தாளே வாசலுக்கு வந்து பேசிய வீட்டில் பெண் கொடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றும், தண்ணீர் ஊற்றிய பிறகு நல்ல நாள் பார்த்துச் சொல்லி அனுப்புவதாகவும் அப்பாவிடம் சொல்லிவிட்டு, பட்டினியோடு வண்டி ஏறினார்.

அதற்குப் பிறகு என் பாடு திண்டாட்டம். கூழும் இளநீரும்தான் சாப்பாடு. மாங்காய் திருடியதற்காக என்னைத் துரத்திய பக்கத்து வீட்டுக்காரி மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். இளநீர் சீவிக் கொடுத்தவர் மாமா. அப்படிப் பணிவான மாமாவை நான் பார்த்ததே இல்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது. இளநீரை வாங்குகிற சாக்கில் அவர் விரலை முகர்ந்து பார்த்தேன். யார் ஏப்பம் விட்டாலும் காதைத் தீட்டினேன். அப்பா பல் குத்தினால் கண்ணீர் வந்தது.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று முதல் வேலையாகக் கொல்லைக்கு ஓடினேன். தென்னைக்குப் பின்னால் புது மண். நாய் தோண்டாமல் இருக்க மேலே முள்ளை வெட்டிப் போட்டிருந்தது. ஓரத்தில் சுண்ணாம்பு. தின்றது போதாதென்று, எலும்பைக்கூட ஆதாரம் இல்லாமல் புதைத்துவிட்டார்கள்! அம்மாவிடம் போய்க் கேட்டேன். அவள் முந்தானையால் என் ஈரத்தலையைத் துவட்டினாள். அந்த வருஷம் ஆடியில் அம்மன் கோயில் வாசலில் நின்று ஊருக்குக் கூழ் ஊற்றினாள். அதன் பிறகு ஒரு வருஷமும் அதை விட்டதில்லை. யாருக்காக இந்த வேண்டுதல் என்று கேட்டால், "செஞ்ச தப்புக்கு" என்பாள். என் பங்கைத் தின்ற தப்புக்கு என்று நினைத்துக்கொண்டு நானும் இரண்டு குவளை குடித்தேன்.

மாமாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாமனார் வயலைப் பார்த்துக்கொள்ள வாசுதேவநல்லூருக்கே போனார். பேச்சைக் குறைத்துக்கொண்டார். பன்றிக்கறியை அதன் பிறகு தொடவே இல்லை.

எனக்கும் கல்யாணமாகி, என் வீட்டுக்கு நானே பன்றிக்கறி வாங்கப் போன காலம் வந்தது. கறிக்காரர் வெட்டி வைத்திருந்த பன்றித் தலையின் வாயைப் பிளந்து, நாக்கை வெளியே இழுத்து, அடிப்பக்கத்தைப் புரட்டிக் காட்டினார். "தடவிப் பாத்துக்கோங்க அண்ணாச்சி. அரிசி கிரிசி ஒண்ணும் இல்ல. அது புழுக்கட்டிலா; அரிசி விழுந்த கறி ஆளையே கொன்னுரும்." விரலை வைத்தவன் வைத்தபடி நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டதெல்லாம் அப்போதுதான் காதில் விழுந்தது. அந்த 'மடேர்' கொசு இல்லை என்பதும் புரிந்தது.

கறியை வாங்காமலே அப்பாவிடம் ஓடினேன். திண்டில் சாய்ந்து மோரை முகர்ந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன்: செங்கோட்டைக்காரனையும், அரிசியையும், தென்னைக்குப் பின்னால் இருந்த குழியையும். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்பொ உங்களுக்கு அன்னைக்கே தெரியும்! பிடரியில எடுத்தது கம்பளிப்பூச்சி மயிருதான? தெரிஞ்சுக்கிட்டே ஏன்பா தெரியாத மாதிரி இருந்திய?"

அப்பா மோரைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சா அவனை அனுப்பணும்லா."