ஆரோக்கியத்தின் கையும் பின்சந்து ஈரமும்

நெருப்பால் இரும்பை வெட்டுவது எங்கள் தொழில் என்று வெளியே சொல்வார்கள். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், நாள் முழுவதும் எங்கள் போராட்டம் தண்ணீரோடுதான்.

அந்த வியாழக்கிழமை பினாங்கு ஜெலுத்தோங் பட்டறையில் இருந்தவர்கள்: நாங்கள் தவுக்கே என்று கூப்பிடும் முதலாளி சாமிநாதன், பிளாஸ்மா டார்ச்சால் தகடு வெட்டும் ஆரோக்கியம், வெல்டிங் முரளி, பின்சந்தில் துணி வெளுக்கும் டோபிக்கடை வைத்திருக்கும் நூர்ஜஹான், சூலியா தெருவில் தன் சாப்பாட்டுக் கடைக்கு எவர்சில்வர் மேசை செய்யச் சொல்லியிருந்த ஷாஃபி, ஸ்டோர் பார்க்கும் நான். மொத்தம் ஆறு பேர். அந்த நாளைச் சொல்ல, முன்னால் நடந்த சிலதையும் சொல்ல வேண்டும்.

பிளாஸ்மா என்றதும் பயப்பட வேண்டாம். மின்சாரமும் அழுத்திய காற்றும் ஒரு சிறு செம்பு முனை வழியாகச் சீறி வந்து தகட்டை உருக்கித் தள்ளும். அந்த முனையை நாசில் என்போம். காற்று காய்ந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம். பினாங்குக் காற்றை அழுத்தினாலோ ஈரத் துணியைப் பிழிந்ததுபோல் தண்ணீர் வரும். அது டார்ச்சுக்குள் போனால் நெருப்பு திக்கும், வெட்டு பிசிறடிக்கும், நாசில் சீக்கிரம் தேய்ந்து ஓட்டை பெரிதாகும். காலையில் பொரித்த அப்பளம் மத்தியானம் நமுத்துப்போனதைப் பார்த்து நொந்தவர்கள் எல்லோரும் எங்கள் கட்சி.

தண்ணீர் வராத நாள்

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசரின் தொட்டிக்கு, நாங்கள் தாங்கி என்போம், அடியில் ஒரு குழாய் உண்டு. காலையில் முதல் வேலையாக அதைத் திறந்து, சேர்ந்த தண்ணீரை வடிப்பது நான். ஸ்டோர்க்காரிக்கு ஏன் இந்த வேலை என்று கேட்டால், மற்றவர்கள் மறப்பார்கள், நான் மறக்க மாட்டேன் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. சாதாரண நாளில் ஒரு மைலோ டின் அளவு வரும். எண்ணெய் கலந்து, தேத்தாரே பால்டீயின் நிறத்தில் இருக்கும்.

ஒருமுறை பினாங்கு முழுக்கக் குழாயில் தண்ணீர் நிற்கும் என்று அறிவிப்பு வந்தது. ஊரே வாளியும் குடமுமாக அலைந்தது. நான் வழக்கம்போல் குந்தி உட்கார்ந்து தாங்கியை வடித்துக்கொண்டிருந்தேன். முரளி பல் துலக்கும் பிரஷ்ஷோடு பின்னால் வந்து நின்றான். "அக்கா, மிச்சம் வைங்க. ஊருக்கே தண்ணி இல்ல, நம்ம கம்ப்ரசர்ல மட்டும் நிக்கவே இல்ல லா!"

ஆயுத பூஜை

ஒரு வருடம் ஆயுத பூஜைக்கு வந்த பூசாரி ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். பொட்டு வைக்கலாம், எலுமிச்சம்பழம் வைக்கலாம், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கை பிளாஸ்மா இயந்திரத்தின் பக்கம் திரும்பியபோது, டார்ச் நனைந்துவிடுமே என்று ஓரடி முன்னால் வைத்தேன். வாய் திறக்கவும் வெட்கம். ஆரோக்கியம் மெதுவாக முன்னால் போய், டார்ச்சைக் கழற்றிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். முப்பது வருடமாக வெட்டுகிறவர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர், பூஜைக்கும் முதல் ஆளாக நிற்பவர். பூசாரி முறைத்தார். ஆரோக்கியம் சட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "சாமி எல்லாருக்கும் பொது, ஐயா. ஈரம் மட்டும் இவனுக்கு ஆகாது."

நாசில் கேட்டு வந்தவர்

பிறகு ஆரோக்கியத்துக்கு லேசான பக்கவாதம் வந்தது. மூன்று மாதம் வீட்டில் இருந்தார், டார்ச்சை வேறு யாரும் தொடவில்லை. அந்தச் சமயத்தில் தகடு வளைக்கும் இயந்திரம் ஒன்று புதிதாக வந்ததால், இடம் போதாமல் கம்ப்ரசரைப் பின்கதவுக்கு வெளியே, சந்தில் கூரை போட்டு நகர்த்தி வைத்தோம். கையில் பலம் திரும்பிவிட்டது, வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்ல, ஆரோக்கியம் வந்து டார்ச்சை எடுத்தார். எல்லோரும் கை தட்டினோம். முதல் வெட்டு முடிந்ததும் தட்டிய கை அப்படியே நின்றது. ஓரம் ரம்பப் பல்லாக இருந்தது. அடியில் உருகிய கசடு ஒட்டிக் கிடந்தது.

முன்பெல்லாம் ஒரு நாசில் ஒரு நாள் உழைக்கும். இப்போது ஒரு நாளைக்கு நாலு கேட்டு ஸ்டோர் ஜன்னலுக்கு வந்தார். இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வெட்டுவதை நானும் பார்த்தேன். தவுக்கே எதுவும் கேட்கவில்லை. ஆரோக்கியம்தான் அவரிடம் போய், ஷாஃபியின் மேசை வேலை முடிந்ததும் டார்ச்சை வைத்துவிடுகிறேன், வேறு ஆள் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று நாலாவது நாசிலை நான் நீட்டியபோது அதை வாங்காமல் ஜன்னல் கட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நாசில் மாத்தலாம் அக்கா. கைய எங்க போயி மாத்துறது?"

நீல முத்துக்கள்

தவுக்கேக்கு மனம் ஒப்பவில்லை. காற்றில்தான் கோளாறோ என்று சொல்லி, ஈரம் உறிஞ்சும் நீல முத்துக்கள் போட்ட ஒரு வடிகட்டி வாங்கி மாட்டினார். ஈரம் குடித்தால் அவை ரோஸ் நிறமாகும். சூடு காட்டினால் திரும்ப நீலமாகும். ஒரு மாதம் தாங்கும் என்றார் கடைக்காரர். மத்தியானத்துக்குள் எல்லாம் ரோஸ். தாங்கியிலும் மைலோ டின் போய் வாளி வந்திருந்தது. மழைக்காலம் என்றான் முரளி. நானும் நம்பினேன். ஈரத்துக்கு மழைதானே காரணமாக இருக்க முடியும் என்று தோன்றியது.

சமையலுக்குச் சேராத ஒரு பழைய குவாலிச் சட்டியில், பட்டறைக்கு வெளியே, முகமூடி போட்டுக்கொண்டு அந்த முத்துக்களைத் தினமும் சூடாக்கினேன். மேசை என்னவாயிற்று என்று பார்க்க வந்த ஷாஃபி கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். கடைத் திறப்பு நெருங்கிவிட்ட கவலை அவருக்கு. இருந்தும் வறுகடலை வாங்க வந்தவர்போல் பையிலிருந்து காசை எடுத்து நீட்டினார். "கச்சாங் பூத்தேயா அக்கா? ரெண்டு வெள்ளிக்குக் கட்டுங்க, மேசை வர்ற வரைக்கும் கொறிச்சுக்கிட்டு இருக்கேன்."

வெள்ளை விரிப்பு

புதன்கிழமை நூர்ஜஹான் சந்து வழியாக வந்தார். தோளில் வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். அவர் கடை திறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. விரிப்புகளைக் கொடுத்த ஹோட்டல்காரர்கள் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எங்கள் இரும்புத் தூள்தான். மறுக்க முடியாது. தவுக்கே அவரைச் சமாதானப்படுத்தப் பின்சந்துக்குப் போனார். நான் கதவோரம் நின்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே டோபிக்கடையின் துணி காயவைக்கும் இயந்திரம் ஓடத் தொடங்கியது. சுவரில் இருந்த குழாய் வழியாகச் சுடச்சுட ஈரக்காற்று வந்து தவுக்கேயின் முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி இரண்டு பக்கமும் வெளுத்துப்போயிற்று. அதைக் கழற்றித் துடைத்தவர், துடைத்தபடியே திரும்பிப் பார்த்தார். குழாய்க்கு ஒரு கை தூரத்தில், கம்ப்ரசர் காற்றை இழுக்கும் வாய். அதன் வலையில் வெள்ளைத் துணித் தூசி பஞ்சுபோல் அப்பியிருந்தது. மூன்று பேரும் அதையே பார்த்தோம். நூர்ஜஹான்தான் முதலில் பேசினார். "என் துணி ஈரத்த உங்க மெஷின் குடிக்குது, உங்க இரும்பத் துணியில நான் வாங்கிக்கிறேன். யாரு யார்கிட்ட சண்டை போடுறது, அண்ணே?"

ஆறு பேரும் இருந்த நாள்

மறுநாள் வியாழன். துணி மலையாகக் குவிந்து கிடந்தும், நூர்ஜஹான் காலை முழுவதும் இயந்திரத்தை நிறுத்திவைத்தார். எல்லோருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: காற்றா, கையா. நான் தாங்கியை வடித்து, நீல முத்துக்களை நிரப்பி, மேசையில் பத்துப் புது நாசில் எடுத்துவைத்தேன். ஆரோக்கியம் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு தொடங்கினார். பட் பட் என்று வெடித்தது. ஓரம் பழையபடி பல். அவர் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றினார். ஷாஃபி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

முரளிக்குச் சும்மா நிற்க வராது. இயந்திரத்தை அணைத்துவிட்டு, பின்னால் இருந்த காற்றுக் குழாயைக் கழற்றி, வால்வைத் திறந்தான். இத்தனை நாள் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த தண்ணீர் சீறி வந்து அவன் காற்சட்டையை முழங்கால் வரை நனைத்தது. "ஐயோ, என்னைப் பார்த்து யாரும் தப்பா நினைக்காதீங்க!" என்று அவன் குதித்ததில் நூர்ஜஹானே சிரித்துவிட்டார். வெறும் காற்று வரும்வரை ஊதவிட்டோம். ஆரோக்கியம் இரண்டாவது நாசிலைத் தானே வந்து எடுத்துக்கொண்டார்.

இந்த முறை சத்தமே வேறு. பட்டை ஒரே இழுப்பில் கிழித்ததுபோல் விடாத சீறல். கசடு தானாக உதிர்ந்தது. பாதியில் இடது கை மணிக்கட்டை விட்டுவிட்டதை அவர் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். ஷாஃபியின் தகடுகள் முடிந்தன. பிறகு டோபிக்கடைக் குழாயைக் கூரைக்கு மேலே தூக்கிவிடத் தேவையான தகட்டையும் அவரே வெட்டினார். எங்கள் பின்கதவுக்குத் தார்ப்பாய் கட்டுவதாகத் தவுக்கே நூர்ஜஹானுக்கு வாக்குக் கொடுத்தார்.

நேர்வெட்டில் குறை இல்லை. மேசையின் ஒரு மூலை வளைவில் வெட்டு ஒரு நூலளவு விலகியிருந்தது. அந்தப் பழியைக் காற்றின்மேல் போட முடியாது. நான் பார்த்ததை ஆரோக்கியமும் பார்த்துவிட்டார். அவர் அந்த வளைவைக் காட்டி, திரும்ப வெட்டித் தருகிறேன் என்றார். ஷாஃபி குனிந்து பார்த்துவிட்டு, தகட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அந்த மூலை சுவத்துப் பக்கம் அண்ணே. நீங்க அடுத்த கடைக்கு வெட்டும்போது சரி பண்ணிக்குங்க."

உருகும் இரும்பை நம்பிப் பிழைக்கிறோம் என்று நினைத்திருந்த நாங்கள், ஈரத் துணி காயவைக்கிறவரின் தயவில் பிழைத்தோம். மேசையில் வைத்த பத்து நாசிலில் மீதி எட்டு.