மோட்டார் நின்ற பிறகும்

மோட்டாரக்காவிடம் பேச வேண்டுமானால் தொண்டை கிழியக் கத்த வேண்டும். மழைக்காட்டு மலைச்சரிவில் ஒரு பம்ப் அறை. ஓடையிலிருந்து மேட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அவள் வேலை. பாதி ஆயுள் அங்கேயே போனது. இடது காதை இரைச்சல் எப்போதோ தின்றுவிட்டது. வலது காதைப் பார்த்த டாக்டர், "இதுவும் போறதுக்கு முன்னாடி உள்ளுக்குள்ளயே விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். வந்தா உடனே வாங்க" என்று சொல்லியிருந்தார். வீட்டில் அவள் மூச்சுவிடவில்லை. அந்தக் காதும் போனால் வேலை போவதுகூட அப்புறம்தான். வாயைத் திறந்தால் மூடாத புருஷன் பேச்சுதான் அவளுக்கு இருக்கும் ஒரே பொழுதுபோக்கு.

அன்று மோட்டார் பக்கம் ஊசி போல ஒரு கீச்சொலி. பேரிங் தேய்ந்துவிட்டதென்று கிரீஸ் அடித்தாள், அடங்கவில்லை. திருப்புளியின் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாள். சத்தம் பிடிகொடுக்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒற்றைக் காதுக்குச் சத்தம் வரும் திசை பிடிபடாது. மோட்டாரை நிறுத்தினாள்.

விசில் நிற்கவில்லை.

ஆக, வந்தேவிட்டது. ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

சாப்பாட்டுத் தூக்கோடு புருஷன் உள்ளே வந்தார். "யாரு இங்க விசிலடிக்கிறது? வர்ற வழியெல்லாம் காதைக் குடையுது!"

அவள் நிமிர்ந்தாள். "உங்களுக்கும் கேக்குதா?"

"ஏன், நான் என்ன செவிடா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்புறம் ஜன்னலைக் காட்டினார்.

பாசி படிந்த குழாய் மேல் ஒரு குருவி. கட்டைவிரல் அளவு, மண் நிறம், செங்குத்தாகத் தூக்கிய குட்டி வால். பாடும்போது தொண்டை மட்டுமல்ல, வாலின் நுனிவரை உடம்பு முழுக்க நடுங்கியது. ஏறி, இறங்கி, சுழன்று, மூச்சே வாங்காமல் மறுபடி ஏறியது பாட்டு. பத்துக் குதிரை சக்தி மோட்டாரை மீறி இந்தத் துளியூண்டு உடம்பா பாடியது! அவளுக்குப் புல்லரித்தது. கும்பிடத் தோன்றியது. வாய் ஓயாத மனுஷனும் தூக்கைக் கையில் பிடித்தபடியே காதைச் சாய்த்துக் கேட்டார்.

போன் அடித்தது. மேட்டுத் தொட்டியைப் பார்த்துக்கொள்பவர்.

"தண்ணி ஏறலையேம்மா, என்ன ஆச்சு?"

"எனக்குக் கேக்குதுங்க," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நல்லாக் கேக்குது."