கூடைக்காரி இருந்த மரம்

1. சிவப்புப் பெயின்ட்

செயின்சாவை ஸ்டார்ட் செய்த பிறகுதான் பார்த்தேன். மரத்தின் ஓட்டையிலிருந்து பச்சையாக ஒன்று பாய்ந்து போனது. செயின்சாவை நிறுத்தினேன்.

நான் முப்பத்தோரு வருஷம் மர கேங்கில் இருந்தவன். தேயிலைத் தோட்டத்தில் மரம் வெட்டும் ஆட்களுக்கு அதுதான் பெயர். எங்கள் டிவிஷன், அதாவது தோட்டத்தின் ஒரு பகுதி, ரிங்லெட் ஊருக்குக் கீழே, காட்டை ஒட்டியது. ஆறாம் வகுப்பு வரைதான் படித்தேன். மர கேங்குக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்று தோட்டத்து ஆண்டு மலருக்காகக் கேட்டார்கள். தெரிந்ததை எழுதுகிறேன்.

அன்று காலை பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர் செல்வம் சொன்னார்: "பதினாலாம் நம்பர் பீல்டு, ரோட்டோர மரம். துரை சிவப்புப் பெயின்ட் அடிச்சிட்டாரு. இன்னிக்கே சாய்ச்சிடுங்க."

அது பட்டுப்போன நிழல் மரம். இரண்டாள் உயரத்துக்கு மேல் கிளைகள் இருந்தன. ரோட்டுப் பக்கம் சாய்ந்திருந்தது. அந்த ரோட்டில்தான் பெண்கள் கொழுந்து நிறுக்க நிற்பார்கள். தோட்ட மேனேஜரான துரை பெயின்ட் அடித்ததில் தப்பில்லை.

என்னோடு வேலை செய்தவன் ரஃபிக். வங்காளதேசத்துக்காரன். ஆறு வருஷத்தில் எங்களைப் போலவே பேசக் கற்றுக்கொண்டான்.

"என்னண்ணே, பெட்ரோல் இல்லையா?"

"உள்ள ஏதோ இருக்கு."

மரத்தில் காதை வைத்தேன். காய்ந்த இலையை விரலால் கசக்குவது போல ஒரு சத்தம். ரஃபிக்கும் காதை வைத்தான்.

"குடும்பமா இருக்காங்கண்ணே," என்றான்.

நான் மரத்தைத் தட்டிப் பார்க்காமல் செயின்சாவை எடுத்திருந்தேன். தட்டிப் பார்ப்பதாக ஒருத்தியிடம் சொல்லியிருந்தேன். அதை எழுத வேண்டும் என்றால் முந்தைய மரத்தைப் பற்றி எழுத வேண்டும்.

2. பட்டை உரிப்பது

தேயிலைக்கு நடுவில் நிற்கும் நிழல் மரத்தைப் பச்சையாக வெட்டக் கூடாது. வெட்டினால் வேர் சத்தோடு மண்ணுக்குள் கிடக்கும். அதில் பூசணம் பிடிக்கும். பூசணம் தேயிலைச் செடியின் வேருக்குப் போகும். பிறகு வட்டம் வட்டமாகச் செடி சாகும். அதனால் முதலில் இடுப்பு உயரத்தில் மரத்தைச் சுற்றிப் பட்டையை உரிக்க வேண்டும். மேலேயிருந்து வேருக்குச் சத்து இறங்காது. ஒன்றரை, இரண்டு வருஷத்தில் மரம் நின்றபடியே சாகும். அப்புறம் வெட்டலாம்.

கேங்கில் ஆள் குறைவு. இரண்டு வருஷத்தில் வெட்ட வேண்டிய மரம் நாலு வருஷம் நிற்கும். அதற்குள் மரம் மெத்தென்று ஆகிவிடும். மரங்கொத்தி வந்து ஓட்டை போடும். அது விட்டுப் போன ஓட்டைக்குச் சின்னக் கிளி வரும்.

காட்டுக்குள் பட்ட மரம் நிறைய இருந்த காலத்தில் அதற்கு எங்கள் மரம் தேவைப்பட்டிருக்காது. காடு குறைந்துபோனது. நான் பட்டை உரித்த மரம்தான் அதற்கு வீடாக இருந்தது. இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது.

பதினாலாம் நம்பர் பீல்டு மரத்துக்கு ஐந்து வருஷம் முன்னால் ஒன்பதாம் நம்பர் பீல்டில் ஒரு மரம் சாய்த்தேன். விழுந்ததும் தண்டு இரண்டாகப் பிளந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். இரண்டு செத்திருந்தன. ஒன்றைத் தொப்பியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

என் மனைவி மேரி கொழுந்து எடுக்கும் வேலை செய்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து அதை வாங்கினாள். கஞ்சி கொடுத்தாள். பால் கொடுத்தாள். வாழைப்பழத்தை நசுக்கிக் கொடுத்தாள். பழத்தை மட்டும் கொஞ்சம் தின்றது. நாலாம் நாள், கொடியில் காய்ந்த அவளுடைய தலைத்துணியைப் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. கீழே விழுந்துவிடப் போகிறது என்று கையை ஏந்திக்கொண்டு நின்றாள். அது தூங்கிவிட்டது.

"பாருங்களேன். வௌவால் மாதிரி தூங்குது," என்றாள்.

அன்றிலிருந்து அந்தத் துணியைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை. வேறு துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். மத்தியான இடைவேளையில் லைன் வீட்டுக்கு ஓடிவந்து பழம் ஊட்டிவிட்டுப் போவாள்.

பதினோராம் நாள் காலை அது துணிக்குக் கீழே கிடந்தது. குளிரா, நாங்கள் கொடுத்த பாலா, தெரியவில்லை. லைசென்ஸ் இல்லாமல் அதை வீட்டில் வைப்பதே குற்றம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மேரி அழவில்லை. துணியைத் துவைத்துக் காயப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து சொன்னாள்: "இனிமே மரத்தைத் தட்டிப் பார்த்துட்டு வெட்டுங்க."

சரி என்றேன். கொஞ்ச நாள் தட்டினேன். பிறகு விட்டுப்போனது.

3. நீங்க கேக்கலியே

ரஃபிக்கை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பீல்டுக்குள் போனேன். மேரியின் கேங் மேல் வரிசையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தது. ஓட்டையில் பறவை இருக்கிறது என்றேன்.

"தெரியும்," என்றாள். "நாலு வாரமா பாக்குறோம்."

"என்கிட்ட சொல்லலியே."

"நீங்க கேக்கலியே."

பக்கத்தில் நின்ற பாக்கியம் அக்கா கொழுந்து வெட்டும் கத்திரியை நிறுத்தவில்லை. "ஆம்பளைங்ககிட்ட சொன்னா சாயங்காலம் ரிங்லெட் காப்பிக்கடைக்குப் போகும். மறுநாள் பிரிஞ்சாங் பசார் மாலாம் ராத்திரிச் சந்தைக்குப் போகும். அப்புறம் எவனாவது கூண்டோட வருவான்லா," என்றார்.

அவர்களுக்கு அந்தப் பறவையைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரிந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உடம்பெல்லாம் பச்சை. வால் குட்டை. வால் அடியில் சிவப்பு. ஆணுக்குக் கழுத்தில் சிவப்பு, உச்சந்தலையில் நீலப் பொட்டு. மலாயில் செரிண்டிட் என்பார்கள். பறக்கும்போது மட்டும் 'ட்சீ' என்று கத்தும். உட்கார்ந்துவிட்டால் இலையோடு இலை. அலகால் பிடித்துப் பிடித்துக் கிளையில் ஏறும். முள்முருங்கைப் பூவில் தேன் குடிக்கும். முன்பு பீல்டு ஓரத்து முள்முருங்கை பூத்தால் பத்துப் பதினைந்து வரும். அந்த வருஷம் வந்தது இரண்டு ஜோடி. மேலே பிரிஞ்சாங், கியா பார்ம் பக்கத்துக் குளிரில் இதைப் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

பெட்டைதான் கூடு கட்டும். இலையை அலகால் நீளநீளமாகக் கத்தரிக்கும். கத்தரித்ததை வாயில் கொண்டுபோகாது. முதுகுக்குப் பின்னால் வாலடி இறகுக்குள் செருகிக்கொள்ளும். நாலைந்து துண்டு சேர்ந்ததும் பறந்துபோய் ஓட்டைக்குள் இறக்கும்.

முதுகில் இலை சுமப்பதால் பெண்கள் அதற்குக் கூடைக்காரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"பெரட்டுல பேரு குடுக்காம வேலைக்கு வந்துட்டா," என்றார் பாக்கியம் அக்கா. "நிறுவையிலயும் நிக்க மாட்டேங்குறா. யூனியன்ல சொல்லணும்."

எல்லோரும் சிரித்தார்கள். மேரி சிரிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். கையில் செயின்சா இருந்தது.

"வெட்டப் போறீங்களா?"

"துரைகிட்ட போறேன்," என்றேன்.

4. துரை

துரைக்கு முப்பது வயதிருக்கும். ஈப்போவில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. அந்த மரத்துக்குப் பெயின்ட் அடித்தவர் அவர். ஜீப் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்.

"கிளிக்காகவா நிறுத்தினீங்க?"

"ஆமாங்க. குஞ்சு இருக்கு. அஞ்சு வாரம் வேணும்."

"மரம் விழுந்தா யார் மேல விழும்?"

"கொழுந்து நிறுக்கிறவங்க மேலங்க."

"உங்க சம்சாரமும் அதுல ஒருத்தர்தானே?"

"ஆமாங்க."

அவர் ஜீப் கதவைச் சாத்தினார்.

"நிறுவைய வேற இடத்துக்கு மாத்தச் சொல்றேன்," என்றார். "ஆனா லோரி அந்த ரோட்டுலதான் போகணும். ஓட்டைக்கு மேல இருக்கறது எதுவும் நிக்கக் கூடாது. தண்டு ரோட்டுப் பக்கம் விழக் கூடாது. வெள்ளிக்கிழமை வந்து பாப்பேன். எனக்குத் திருப்தி இல்லன்னா அன்னிக்கே சாய்க்கணும். கிளி இருந்தாலும்."

"போலே, துரை. செஞ்சிடலாம்."

அன்று செவ்வாய்.

5. கைரம்பம்

மரத்தை நடுவில் வெட்டி மேல்பாதியை மட்டும் இறக்குவது செயின்சாவுக்கு அரை நாள் வேலை. ஆனால் செயின்சா ஓடினால் தண்டு முழுக்க அதிரும். முதல் தடவை ஸ்டார்ட் செய்ததற்கே பறவை ஓடியிருந்தது. மறுபடி ஓடினால் திரும்பி வருமா என்று தெரியாது.

முதலில் அது திரும்பி வந்ததா என்று பார்க்க வேண்டியிருந்தது. ரஃபிக்கும் நானும் செடிக்குப் பின்னால் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் ஆனது. வரவில்லை. பெண்கள் மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தார்கள். மேரி சோற்றைத் திறக்கவில்லை.

அப்போது காட்டுப் பக்கம் 'ட்சீ' என்றது. தண்டில் வந்து ஒட்டியது. அலகால் பிடித்து ஏறியது. தலைகீழாக நின்று எங்கள் பக்கம் பார்த்தது. பிறகு ஓட்டைக்குள் போனது.

"வந்துட்டா," என்றாள் மேரி. சோற்றைத் திறந்தாள்.

கைரம்பம் எடுத்துக்கொண்டு ஏணி வைத்து ஏறினேன். பட்ட மரத்தில் கயிறு கட்டி ஏறுவது ஆபத்து. பக்கத்தில் உயிரோடு நின்ற மரத்தில் என் இடுப்புக் கயிற்றைக் கட்டினேன். ஒவ்வொரு கிளையையும், பிறகு ஓட்டைக்கு மேலிருந்த தண்டையும் கயிற்றில் கட்டி அறுத்தேன்; ரஃபிக் மெதுவாக இறக்கினான். ஒரு கிளையும் தொப்பென்று விழவில்லை.

பறவை உள்ளே இருக்கும்போது அறுக்கவில்லை. வெளியே போனதும் அறுத்தேன். மரத்தின் மேலிருந்து எனக்கு ஓட்டை தெரியாது. பீல்டிலிருந்து மேரிக்குத் தெரியும். கூடைக்காரி வெளியே போனால் மேரி தலைத்துணியை அவிழ்த்து உயர்த்திக் காட்டுவாள். திரும்பி வந்தால் துணியை இறக்கிவிடுவாள். நான் ரம்பத்தை நிறுத்துவேன். குஞ்சு தொங்கித் தூங்கிய அதே துணிதான் அது. பழசாகிவிட்டது. அவள் அதைத் தூக்கிப் போடவில்லை.

மூன்று நாள் இப்படிப் போனது. கண்டக்டர் செல்வம் இரண்டு தடவை வந்து பார்த்தார்.

"என்னய்யா, புருஷன் பொண்டாட்டி துணி காட்டி விளையாடுறீங்களா?"

"வேலை நடக்குதுங்க," என்றேன்.

அவர் போய்விட்டார். அடுத்த தடவை வரும்போது ஸ்டோரிலிருந்து ஒரு சுருள் இரும்புக் கம்பிக் கயிறு கொண்டுவந்து போட்டார். தண்டை அந்தக் கயிற்றால் மூன்று பக்கம் இழுத்துக் கட்டினோம். இரண்டு பாறையில், ஒன்று பழைய அடிக்கட்டையில்.

வெள்ளிக்கிழமை துரை வந்தார். கம்பியைக் கையால் இழுத்துப் பார்த்தார். காலால் தண்டை உதைக்கப் போனார். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திரியை நிறுத்தினார்கள். அவர் காலைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வாரம்," என்றார்.

6. இலைத்துண்டுகள்

மரத்தைச் சுற்றி நாலு வரிசையில் பெண்கள் கொழுந்து எடுக்கவில்லை. இரண்டு ரவுண்டு தவறியது. செடி தாறுமாறாக வளர்ந்தது. மழை வந்தபோது ஒரு கம்பி தளர்ந்தது, இறுக்கினேன். தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். லோரி டிரைவர் ஒருநாள், "இதுக்குள்ள என்னண்ணே, புதையலா?" என்றார். தேனீக் கூடு, கொட்டும் என்றேன். அதற்குப் பிறகு அவர் அங்கே வண்டியை நிறுத்தவில்லை.

ஐந்தாம் வாரம் ஓட்டையில் ஒரு தலை தெரிந்தது. அலகு வெளிறிய நிறம். இரண்டு நாளில் மூன்று குஞ்சும் போய்விட்டன. போனதைப் பார்த்தது மேரி. நான் அப்போது வேறு பீல்டில் இருந்தேன். அவள் எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: "மூணும் பறந்துருச்சு. ஒண்ணு கொஞ்சம் தடுமாறுச்சு. அப்புறம் சரியா போயிருச்சு."

ஒரு வாரம் விட்டேன். பாராங் கத்தியின் பின்பக்கத்தால் மூன்று தட்டு தட்டினேன். காதை வைத்தேன். ஒரு டீ குடிக்கும் நேரம் நின்றேன். பிறகு தண்டைச் சாய்த்தேன்.

ஓட்டைக்குள் அடியில் இலைத்துண்டுகள் கிடந்தன. காய்ந்து பழுப்பாகியிருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே அகலம். மேரி ஒரு கை அள்ளிப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்தவள் பார்ப்பது போல் பார்த்தாள்.

"நல்லா வெட்டியிருக்கா," என்றாள்.

தலைத்துணியின் முனையில் அதை முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

மர கேங்குக்கு வருபவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். மரம் செத்துவிட்டது என்று நினைத்து வெட்டாதீர்கள். மூன்று தட்டு தட்டுங்கள். காது வையுங்கள். பொறுத்து நில்லுங்கள். அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. செயின்சாவைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பீல்டில் கொழுந்து எடுக்கும் பெண்களிடம் போங்கள். அவர்கள் தினமும் அந்த மரத்தடியில் நிற்கிறவர்கள். மரத்தில் யார் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கவில்லை.