கடைசிக் காட்சிக்கு முன்னால் எழுந்தவர்கள்

என் தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேறு வேலை கிடையாது. பல் விளக்கிய கையோடு குடும்ப வாட்ஸப் குரூப்பில் ஒரு கேள்வியைப் போட்டுவிடுவான். 'இந்த வாரக் கேள்வி: இடைவேளை வரை நன்றாக இருந்து, அதற்குப் பிறகு சொதப்பிய படம் எது?' 'வில்லன் பக்கம் நியாயம் இருந்த படம் எது?' 'பாட்டே வைக்காமல் இருந்திருந்தால் தப்பித்திருக்கும் படம் எது?' கடம்பூரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். உடைந்த கண்ணாடி மாற்றும் நேரம் போக மீதி நேரமெல்லாம் அவனுக்கு சினிமாதான்.

கேள்வி விழுந்த ஐந்தாவது நிமிடம் குரூப்பில் இருக்கும் நாற்பது பேரும் கிளம்பிவிடுவார்கள். யாருக்காவது ரத்தம் தேவை என்று போட்டால் பதில் வர மறுநாள் ஆகும். சினிமா என்றால் மூன்று நிமிடக் குரல் பதிவாக வந்து விழும். நான் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வாரத்தில் ஒருநாள்தான் எனக்கு விடுமுறை. அந்த நாளில் துவைக்கப் போட்ட துணியை எடுக்கக்கூட ஆள் கிடைக்காது, எல்லோரும் கிளைமாக்ஸ் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் ஆகப் பெரிய ஆள் என் வீட்டுக்காரர்தான். கோவில்பட்டியில் உரக்கடை வைத்திருக்கிறார். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்துவிட்டது என்று பசுவந்தனையிலிருந்து பஸ் ஏறி ஒருவர் வந்து நிற்பார். இவர் மருந்தை எடுத்துக் கொடுக்காமல், "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, அந்த டைரக்டர் இப்ப முன்ன மாதிரியா எடுக்கான்?" என்று கேட்பார். புழு தின்றுகொண்டே இருக்கும்.

போன பொங்கலுக்கு ஒரு படம் வந்தது. கடற்கரைக் கதை. மகளை மாமியாரிடம் விட்டுவிட்டு நாங்கள் இருவரும் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மறுநாள் தம்பியும் அதே தியேட்டரில் பார்த்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் அவனுக்குச் சாப்பாடு. கூடவே என் மாமியார், நாத்தனார், அவள் பிள்ளைகள். குத்துப்பட்டுக் கடலுக்குள் நடந்து போகும் ஹீரோ செத்தானா, இல்லையா? அதுதான் அன்றைக்குப் பேச்சு.

"மாப்ள, அவன் செத்துட்டான். வயித்துல குத்து வாங்கிட்டு கடலுக்குள்ள போனவன் எங்கன வருவான்?" என்றார் இவர்.

"இல்ல அத்தான். பேரெல்லாம் ஓடி முடிஞ்ச பிறகு ஒரு சீன் வருதுல்லா? வேற ஊரு பஸ் ஸ்டாண்டு. டீ கிளாஸ வாங்குத கையில அவனுக்கு உள்ள அதே தழும்பு இருக்கும். அது அவன் கைதான்."

"அப்படி ஒரு சீனே கிடையாது."

"இருக்கு அத்தான்."

"நான் கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தவன். எங்கிட்டயே கதை விடுத பாத்தியா."

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போவுது?"

"எனக்கு என்ன தெரியும்? உங்க அக்காளும் கூடத்தான இருந்தா, அவட்டயே கேளு. ஏட்டி, அப்படி ஒரு சீன் வந்துச்சா?"

ரசக் கரண்டியோடு நான் நடுவில் நின்றேன். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

உண்மை இதுதான். கல்யாணமான இந்த ஒன்பது வருடத்தில் நான் ஒரு படத்தையும் தியேட்டரில் முழுசாகப் பார்த்ததில்லை. படம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதே இவர் எழுந்துவிடுவார். கூட்டம் வெளியே வந்துவிட்டால் ஸ்டாண்டிலிருந்து பைக்கை எடுக்க அரை மணி நேரம் ஆகுமாம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வரிசையில் இருப்பவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு போவார். அன்றைக்கும் ஹீரோவின் முழங்கால் வரை தண்ணீர் வந்தபோதே நாங்கள் கதவுப் பக்கம் போய்விட்டோம். முழங்கால் தண்ணீரை வைத்து இந்த மனிதர் ஒரு ஆளைச் சாகடித்துவிட்டார்.

இதை அங்கே சொல்லியிருக்க வேண்டும். மாமியார் முன்னால், நாத்தனார் முன்னால் அவர் தலை குனியுமே என்று நினைத்தேன். "எனக்கு ஞாபகமில்ல" என்றேன்.

தம்பி மோர் ஊற்றிக்கொள்ளாமல் கை கழுவினான். அவன் ரயில் ஏறின கொஞ்ச நேரத்தில், அவன் குரூப்பிலிருந்து வெளியேறிவிட்டான் என்று எல்லோர் போனிலும் வந்தது. அதோடு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. படம் போனிலேயே பார்க்கிற மாதிரி வந்தபோது அந்தக் காட்சியும் இருந்தது. "இது பின்னால ஒட்ட வச்சது. தியேட்டர்ல கிடையாது" என்று இவர் சாதித்தார். எனக்கு அழுவதா, அந்தப் போனைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்று தெரியவில்லை.

ஆவணியில் மகளுக்குக் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு இருப்பது இவன் ஒருவன்தான். புருசனும் பெண்டாட்டியுமாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும்.

"அவன் முதல்ல ஒத்துக்கிடட்டும், வாரேன்" என்றார் இவர்.

"என்னத்த ஒத்துக்கிடணும்?"

"ஹீரோ செத்துட்டான்னு."

சிரித்துக்கொண்டு சொன்னால்கூடப் பரவாயில்லை. நிஜமாகவே சொன்னார். நாற்பது வயது ஆள், கடையில் மூன்று பேருக்குச் சம்பளம் கொடுப்பவர். தாய்மாமன் வராவிட்டால் சித்தப்பா மகன் மடியில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று அதற்கும் வழி வைத்திருந்தார். அன்றைக்கு ராத்திரிச் சோறு நான் ஆக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, தனியாகவே கடம்பூருக்கு ரயில் ஏறினேன். கடையில் கூட்டமில்லை. தம்பி என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டான், டீ வாங்கிவர ஆள் அனுப்பினான். ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை. கையில் இருந்த போனின் திருகாணியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தான் பேச்ச மனசுல வச்சுக்கிடாதடே. அவிய குணம் உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"அத்தான் மேல எனக்கு என்ன கோவம்? அவிய பாதியில எந்திரிச்சுப் போறது எனக்குத் தெரியாதாக்கும். எத்தன படம் கூடப் போயிருக்கேன்."

"தெரிஞ்சா பொறவு ஏண்டே வரல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்க்கா. நான் பொய் சொல்லுதேன்னு அத்தன பேரு முன்னால சொல்லுதாவ. உனக்குத் தெரியும். நீ ஞாபகமில்லன்னுட்ட."

ஏழு மாதமாக இந்த ஆம்பிளைகளின் சினிமாக் கிறுக்கைத்தான் நான் திட்டிக்கொண்டிருந்தேன். சண்டை என்னோடு என்று எனக்குத் தோன்றவே இல்லை. டீ ஆறிப்போனது. வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்தே குரூப்பில் எழுதினேன்: 'பொங்கல் படத்தின் கடைசிக் காட்சியை நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. பைக் எடுக்க முன்னாலேயே வெளியே வந்துவிட்டோம். அன்றைக்குத் தம்பி சொன்னதுதான் உண்மை. நான்தான் மறைத்தேன்.' எல்லோரும் பார்த்தார்கள். சினிமா விஷயத்தில் முதல்முறையாக ஒருவரும் ஒன்றும் பேசவில்லை.

இவர் கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்தார். சட்டையைக் கழற்றி மாட்டினார், செம்புத் தண்ணீரை முழுசாகக் குடித்தார். கடைசியில், "நாளைக்கு தட்டு, பழம் எல்லாம் வாங்கி வையி. கடம்பூர் போவோம்" என்றார்.

போனோம். தட்டைத் தம்பி கையில் கொடுத்து, "வந்துரு மாப்ள" என்றார். அவனும் "வாரேன் அத்தான்" என்றான். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகவில்லை. "இருந்தாலும் அந்த சீன் தேவையே இல்ல மாப்ள, அவன் செத்திருந்தாத்தான் படம் நின்னுருக்கும்" என்று ஆரம்பித்தார். தம்பி ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "அங்கனதான் அத்தான் தப்புப் பண்ணுதீங்க" என்றான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று நான் நான்கு முறை சொன்னேன்.

ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து இவர் கேட்டார்: "ஏட்டி, அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா? இவ்வளவு தூரம் ஏன் வரவிட்ட?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சொல்லியிருந்தா எங்கிட்ட பேசியிருப்பீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு யோசித்தார். பொய் சொல்லவில்லை.

"ஒரு நாலு நாள் பேசியிருக்க மாட்டேன்."

நாலு நாள். அந்த நாலு நாளுக்குப் பயந்துதான் என் தம்பியை ஏழு மாதம் பொய்யனாக விட்டுவைத்திருந்தேன்.